மூணரைக் கரடு

ஒரு ஊர்ல ஒரு பாவாயி இருந்தா. யாரு பாவாயின்னு நடுவுல கேக்காத, நானே சொல்றேன். காலை நீட்டிப் படு. ம் கொட்டிக்கிட்டே வரணும். நீ நின்னா கதையும் நின்னுடும்.

பாவாயி புருஷன் பேரு மணியன். அவனோட முப்பாட்டன் பேரும் மணியன்தான். அந்த முப்பாட்டன்தான் காட்டுக்குள்ள தண்ணி ஊறுற சுனையக் கண்டுபிடிச்சாராம். அதனால அது மணியஞ்சுனை. பக்கத்துல இருக்குற பாறை மணியம்பாறை. அதுக்கு மேல இருக்குற சின்ன மலை, கரடும்பாங்களே, அது மணியங்கரடு. ஊரே அந்தச் சுனைத் தண்ணியத்தான் குடிச்சுது. ம்?

அப்போ ஒரு நாள் எல்லாரும் தூரத்து ஊர் தேருக்குப் போயிட்டாங்க. பாவாயி போகல. பசு கன்னு போடற நேரம். காலையிலயே புருஷன்காரனப் புல்லறுக்க அனுப்பிட்டு, அப்புறமா மாட்டுக்குத் தண்ணி எடுக்கச் சுனைக்கு வந்தா. எங்கேயோ கொர்ர்ர்னு சத்தம். தவளையா இருக்கும்னு நெனச்சுக்கிட்டா. பாத்தா, அங்க ஒரு சர்வேயரு நெலம் அளக்கற சங்கிலியக் கடகடகடன்னு இழுத்துக்கிட்டு நிக்கறாரு.

"அம்மா, இந்த மூணு எடத்துக்கும் பேரு சொல்லுங்க. கீழூர்க்காரங்க நரிப்பாறை, நரிச்சுனை, நரிக்கரடுன்னு சொல்லிட்டாங்க. உங்க ஊர்ல வேற பேரு இல்லேன்னா மூணும் அவங்க ஊரோட சேர்ந்துடும். இன்னைக்கே எழுதியாகணும்."

பாவாயிக்குப் பேரு நாக்கு நுனியில நிக்குது. ஆனா அந்தக் காலத்துல புருஷன் பேரப் பொண்டாட்டி சொல்லக் கூடாது. சொன்னா அவன் ஆயுசு கொறையுமாம். எவன் கண்டுபிடிச்சானோ, அவன் வாயில மண்ணு. ம் எங்க? ம்.

மொதல்ல பாறையக் காட்டுனாரு.

"அது எங்க வீட்டுக்காரரு பாறைங்க."

"வாடகை வீடா? வீட்டுக்காரரு யாரு?"

"அந்த வீட்டுக்காரரு இல்லைங்க. எங்க அவரு."

சரக்குன்னு எழுதினாரு. எங்கவரு பாறை.

அப்புறம் சுனை. "கோயில்ல பூசைக்கு அடிப்பாங்களே, டாண் டாண்னு, அதுங்க." சரக்கு. டாண்டாண் சுனை. பாவாயி தலையில அடிச்சுக்கிட்டா.

அப்புறம் கரடு. இவ அவரு கைக்கடிகாரத்தக் காட்டுனா. "அதுல என்னங்க பாப்பீங்க?"

"மூணரை."

"அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லுவீங்கல்ல?"

"மூணேகால்."

சரக்கு. மூணரைக் கரடு.

சிரிக்காத, வர்ற தூக்கமும் போயிடும். சர்வேயருக்கும் பொறுமை போயிடுச்சு. "ஏம்மா, என்னை வெச்சு வெளையாடறீங்களா? இதுக்கு நரியே தேவலாம்"னு பேனாவ எடுத்தாரு. எங்கவரு பாறைய அடிச்சாரு. பக்கத்துல 'ந' போடப் போனாரு.

பாவாயி சுனையப் பாத்தா. நாளைக்குக் கன்னுக்கு ஒரு வாய் தண்ணி வேணும்னாலும் கீழூர்க்காரன்கிட்ட போய் நிக்கணும். தண்ணி இல்லேன்னா ஊர்ல எல்லாரோட ஆயுசும்தான் கொறையும். குடத்தப் பாறையில ணங்குன்னு வெச்சா.

"மணியன்யா. மணியன். மணியம்பாறை, மணியஞ்சுனை, மணியங்கரடு. எழுது."

கரடு அதத் திருப்பிச் சொல்லிச்சு. மணியன்... ணியன்... யன்...

அப்போ அந்தக் கொர்ர்ர் நின்னுச்சு. பாறைக்குப் பின்னாலருந்து, புல்லறுக்கப் போன மகராசன் கண்ணக் கசக்கிக்கிட்டு வர்றான். "கூப்ட்டியா புள்ள?"

"காலையிலருந்து இங்கேயேதான் கெடந்தீங்களா? இவ்வளவு நேரம் நான் இங்க டாண் டாண்னுட்டு நின்னேனே."

சர்வேயரு பாறையத் திருத்தினாரு, சுனையத் திருத்தினாரு, சங்கிலியச் சுருட்டிக்கிட்டுக் கெளம்பிட்டாரு. அவசரத்துல கரட்ட மறந்துட்டாரு. அதனாலதான் நம்ம பஸ்ஸு இன்னைக்கும் மூணரைக் கரட்டுல நிக்குது. ஏன் அந்தப் பேருன்னு நாலு நாளா கேட்டியே, போதுமா?

மணியன் மட்டும் அசையல. "கல்யாணமாகிப் பதினெட்டு வருசம். உன் வாயால எம் பேர ஒரு தரம் கேட்டதில்ல. இன்னொரு தரம் சொல்லேன்."

பாவாயிக்குக் கோவம் போன எடம் தெரியல. ஆனா காட்டிக்கல. குடத்த நெறைச்சு அவன் தோள்ல ஏத்துனா.

"மொதல்ல மாட்டுக்குத் தண்ணி ஊத்து, மணியா."

ம். கதை கரடேறிப் போயிடுச்சு, கடைசி பஸ்ஸும் போயிடுச்சு. இனி ஒண்ணும் கேக்காம கண்ண மூடு.