ஐந்து மாத எடை

"அஞ்சு மாசம்தான் இடிக்குது, இசக்கியம்மா" என்றார் எபனேசர்.

அவர் பல்கலைக்கழகத்தில் சுற்றுச்சூழல் துறைப் பேராசிரியர். இசக்கியம்மாள் விடுதிச் சமையலறைக்குப் பின்னால் உரக்குழிகளைப் பார்த்துக்கொள்பவள். வயதில் அவரைவிட இளையவள்.

மிச்சச் சோற்றையும் காய்த்தோலையும் எருவாக்கும் வழியை அவர் புத்தகத்தில் படித்திருந்தார். முதல் குழி நாறிப்போனது. அவளிடம் வந்து, தரையில் உட்கார்ந்து கற்றுக்கொண்டார். எவ்வளவு சருகு, எவ்வளவு தண்ணீர், எப்போது கிளற வேண்டும்.

அன்றிலிருந்து யார் வந்தாலும், "இவங்கதான் எனக்கு டீச்சர்" என்று காட்டுவார். அவள் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவாள்.

இப்போது புதிய நூலகத்துக்குப் பசுமைக் கட்டடச் சான்றிதழ் கேட்டுப் பல்கலைக்கழகம் விண்ணப்பித்திருந்தது. பன்னிரண்டு மாத உரப் பதிவேடு, குழியைப் பார்த்துக்கொள்பவரின் கையெழுத்தோடு வேண்டும். சரிபார்க்க மறுநாள் ஆள் வருகிறார்.

அக்டோபர் மழையில் குழிக் கொட்டகை சரிந்திருந்தது. பிப்ரவரி முடியும்வரை யாரும் அதைத் தூக்கி நிறுத்தவில்லை. குழிகளில் தண்ணீர் நின்றது. அவளை வகுப்பறை பெருக்க அனுப்பிவிட்டார்கள்.

அந்த ஐந்து மாதங்களையும் எபனேசர் தானே நிரப்பியிருந்தார். மற்ற மாதங்களின் சராசரி. ஓரிடத்தில் நாற்பது கிலோ கூட்டி, ஓரிடத்தில் முப்பது குறைத்து, பார்த்தால் நிஜம்போல.

"நீங்க ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும்."

அவள் கையை முந்தானையில் துடைத்தாள். பதிவேட்டை வாங்கவில்லை.

"வாசிங்க சார்."

"எல்லாத்தையுமா?"

"அந்த அஞ்சு மாசத்தை மட்டும்."

வாசித்தார். "அக்டோபர், இரண்டாம் குழி, இரண்டாயிரத்து நூற்றுப் பத்து கிலோ. நவம்பர், மூன்றாம் குழி..."

வாசித்து முடித்துத் தரையைப் பார்த்தார்.

"எடை சரியாத்தான் இருக்கு" என்றாள்.

அவர் நிமிர்ந்தார்.

"மழைக்காலத்துலயும் பிள்ளைங்க சாப்பிட்டாங்கல்லா. அவ்வளவு மிஞ்சியிருக்கும். இடத்தைத்தான் மாத்தி எழுதிட்டீங்க."

"எந்த இடம்?"

"வண்டிய எடுங்க."

ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வழி சொன்னாள். பின்வாசல், கருவேலங்காடு, ஓடைப்பாலம். இரண்டு கிலோமீட்டர்கூட இல்லை.

பாலத்தை ஒட்டி ஒரே தெரு. வீடுகளுக்குப் பின்னால் ஓடைக்கரை கறுத்துக் கிடந்தது. காய்ந்த சோறு பாளமாக வெடித்திருந்தது. அதற்குள் விடுதிச் சமையலறையின் பால் கவர்கள். ஈ வராமலிருக்கச் சன்னல்களில் சாக்கு கட்டியிருந்தார்கள்.

"விடுதிக் குப்பை டிராக்டர் தினமும் இங்கதான் கொட்டுச்சு" என்றாள். "ஓடை ஏறினப்ப எல்லாம் வீட்டுக்குள்ள வந்துட்டு. அதோ, மூணாவது வீடு எங்க வீடு. என் மகளுக்கு வயித்தால போயி ஆறு நாள் ஆஸ்பத்திரியில கிடந்தா."

டிராக்டர் வளாகத்தைவிட்டு வெளியே போக அனுமதிச் சீட்டு வேண்டும். ஐந்து மாதமும் அதில் கையெழுத்துப் போட்டவர் எபனேசர். எங்கே போகிறது என்று ஒரு நாளும் கேட்கவில்லை.

"அப்பவே எங்கிட்ட சொல்லியிருக்கலாமே" என்றார். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"சொன்னேன் சார். நவம்பர்ல உங்க ரூமுக்கு வந்தேன். எங்க டீச்சர் வந்திருக்காங்கன்னு எல்லார்கிட்டயும் சொன்னீங்க. டீ வாங்கிக் கொடுத்தீங்க."

அவள் குரலில் கோபம் இல்லை. நடந்ததைச் சொன்னாள்.

டீ கொடுத்தது அவருக்கு நினைவிருந்தது. அவள் என்ன சொன்னாள் என்பது நினைவில்லை.

ஒரு வீட்டிலிருந்து யாரோ எட்டிப் பார்த்தார்கள். அவர் பார்வையைத் தாழ்த்திக்கொண்டார்.

"உள்ளதை எழுதினா சான்றிதழ் கிடைக்காது" என்றார்.

"சரி."

"துணைவேந்தர் என்னைச் சும்மா விடமாட்டார்."



எபனேசர் பதிவேட்டை ஸ்கூட்டர் சீட்டின் மேல் விரித்தார். ஐந்து வரிகளிலும் குழி எண்ணை அடித்தார். பக்கத்தில் எழுதப் போனவரின் கை நின்றுவிட்டது.

அவளை மூன்று வருடமாகத் தெரியும்.

"இந்தத் தெருவுக்குப் பேரு என்ன?" என்று கேட்டார்.

அவள் சொன்னாள். அவர் எழுதும்வரை பொறுத்திருந்து, அடுத்த வரிக்கும் சொன்னாள். ஐந்து தடவை.

பிறகு கையெழுத்துப் போடப் பேனாவைக் கேட்டாள்.