கண்மாய்க் கரையை இறுக்கிய கதை

இந்தக் கதையைச் சொல்ல வாயெடுக்கும் முன் செங்கமலம் இரண்டு தரம் யோசிப்பாள். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றவள். எங்கே முன்பின் மாற்றித் தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்ற பயம் எப்போதும் உண்டு. வேறு ஊர் என்றால் தப்பாகச் சொன்னால் சிரிப்பார்கள். அவள் ஊரான கோணமேட்டில் சிரிக்க மாட்டார்கள். எழுந்துபோய் அதன்படியே செய்துவிட்டு வந்து நிற்பார்கள்.

செங்கமலத்தின் வீடு கண்மாய்க் கரைக்கு நேர் கீழே இருக்கிறது. மண்சுவர், ஓட்டுக்கூரை. போன மழைக்குக் கரை உடைந்தது சரியாக அவள் வீட்டுக்கு எதிரில்தான். இந்த வருசம் அங்கே புதுமண் கொட்டியிருந்தார்கள். ஐப்பசிக்குள் அதை இறுக்காவிட்டால் முதல் தண்ணீரே அடுப்படிக்கு வந்துவிடும். அந்தக் கவலையில் அவள் தினமும் காலையில் கரையேறி, புதுமண்ணைக் காலால் மிதித்துவிட்டு வருவாள்.

மண்ணை இறுக்க ஒரு ரோலர் வந்தது. டிராக்டருக்குப் பின்னால் கட்டி இழுக்கிற இரும்பு உருளை. கரையோ குறுகல். ஏறிய டிராக்டருக்குத் திரும்ப இடமில்லை. அதனால் நேராக அடுத்த ஊர் வரை போய், பதினேழு கிலோமீட்டர் சுற்றிக்கொண்டு, மறுபடியும் இந்த முனைக்கு வந்தது. ஒரு நாளைக்கு இரண்டு நடை.

பொதுப்பணித்துறை இன்ஜினியர் வந்து பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்: "உங்க ஊர்ல லோடர் வண்டி இருக்கில்ல? முன்னாடி மண் அள்ளுற பக்கெட்டைக் கழட்டிட்டு, அந்த இடத்துல இந்த ரோலரை மாட்டுங்க. முன்னால போய்ட்டு அப்படியே பின்னால வரலாம். திருப்பவே வேண்டாம்."

வண்டியில் ஏறியவர் திரும்பிப் பார்த்து, "அளவு பிசகக் கூடாது. மாட்டினது இம்மிகூட ஆடக் கூடாது. முன்னாடி கனம் கூடும், பின்னாடியும் பாரம் குடுங்க" என்றார். போய்விட்டார்.

கண்மாய்ச் சங்கத் தலைவர் அய்யாவு, செங்கமலத்துக்குக் கொழுந்தன் முறை. அவர் இந்த மூன்றையும் எல்லோரையும் மூன்று தரம் சொல்ல வைத்தார்.

முதலில் அளவு. வெல்டர் குருசாமி, பக்கெட்டைக் கழற்றிய லோடரின் இரண்டு இரும்புக் கைகளுக்கும் நடுவே நின்று தன் கைகளை விரித்தார். "இவ்வளவு."

"அண்ணே, பட்டறைக்குப் போறதுக்குள்ள கை சுருங்கிருமே" என்றான் லோடர் ஓட்டுகிற சுருளி.

"அதைவிட ஆபத்து இருக்கு. வழியில யாராச்சும் கும்பிட்டா இவரும் பதிலுக்குக் கும்பிடுவார். அளவு அத்தோட போச்சு" என்றார் அய்யாவு.

யோசித்து, அதே நீளத்துக்கு ஒரு மூங்கிலை வெட்டி குருசாமியின் கைகளோடு சேர்த்துக் கட்டினார்கள்.

செங்கமலம் மெதுவாகக் கேட்டாள். "அந்த மூங்கிலை மட்டும் கொண்டுபோனா போதாதா, கொழுந்தனாரே?"

"மதினி, மூங்கிலுக்கு வெல்டிங் தெரியுமா?"

பட்டறை வாசல் குறுகல். குருசாமி உள்ளே போக முடியவில்லை. ஒருக்களித்துப் போகலாம்தான். அளவு சாய்ந்துவிடும் என்று பயந்து, மூங்கிலை இரண்டு பக்கமும் ஒரு சாண் அறுத்து, அவரைப் பத்திரமாக உள்ளே அனுப்பினார்கள். அந்த அளவுக்கே சட்டம் அடித்தார். மாட்டிப் பார்த்தால் இரண்டு சாண் பற்றவில்லை.

"லோடர் வளந்திருச்சு" என்றான் சுருளி. "ரெண்டு நாளாத் தூத்தல் மழை விழுதுல்ல."

பட்டறை வாசலின் இரும்பு நிலையைப் பெயர்த்து, துண்டு போட்டு இடைவெளியை அடைத்தார்கள். நிலை போன பிறகு வாசல் நல்ல அகலம். குருசாமி மறுபடி கைகளை விரித்துக்கொண்டு ஒரு தடவை உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

அடுத்தது ஆட்டம். குருசாமி சட்டத்தைப் பிடித்து ஆட்டினார். ஆடவில்லை. உருளையில் கைவைத்தார். அது சுற்றியது. பதறிக் கையை எடுத்தார்.

"தலைவரே, ஆடுது!"

உருளையைச் சட்டத்தோடு பன்னிரண்டு இடத்தில் பற்றவைத்தார்கள். ஊரில் இருக்கிற நாற்பது ஆண்களும் முறைவைத்துத் தள்ளிப் பார்த்தார்கள். மலை மாதிரி நின்றது.

செங்கமலம் உருளையைக் கையால் தள்ளிப் பார்த்தாள். "உருளைன்னா உருளணுமே, கொழுந்தனாரே?"

"நீங்களும் பக்கத்துலதான நின்னீங்க மதினி? உருளணும்னு இன்ஜினியர் ஒரு வார்த்தை சொன்னாரா?"

அவள் யோசித்துப் பார்த்தாள். சொல்லவில்லைதான். நமக்குத்தான் புரியவில்லையோ என்று தள்ளிப்போய் நின்றாள்.

சுருளி லோடரைக் கிளப்பினான். முன்பக்கம் தாழ்ந்து பின்சக்கரங்கள் அந்தரத்தில் தூக்கிக்கொண்டன. பாரம் வேண்டும். யாரோ மணல் மூட்டை என்றார்கள்.

"மணல் மூட்டைக்குப் பொறுப்பு கிடையாது" என்றார் அய்யாவு. "பாதியில விழுந்துட்டா ஏன் விழுந்தேன்னு கேட்டா பதில் சொல்லுமா?"

எனவே பின்னால் பலகை கட்டி, நாற்பது பேரும் ஏறினார்கள். யார் அதிகக் கனம் என்று கொஞ்ச நேரம் சண்டை நடந்தது. தலைவரைவிடக் கனமாக யாரும் இருக்கக் கூடாது என்று முடிவாகி, அய்யாவு கடைசியில் உட்கார்ந்தார்.

வண்டி நகர்ந்தது. உருளாத உருளை, தச்சன் இழைப்புளி மாதிரி கரையைச் சீவிக்கொண்டு போனது. ஒரு நடைக்கு ஒரு சாண் ஆழம். பின்னால் வழவழவென்று மின்னிய தரையைப் பார்த்து நாற்பது பேரும் கை தட்டினார்கள். உச்சிப்பொழுதுக்குள் செங்கமலம் வீட்டுக்கு எதிரே கரை இடுப்பளவாகி, முழங்காலளவாகி, ஒரு பள்ளமே விழுந்துவிட்டது.

அவள் தலையில் அடித்துக்கொண்டு ஓடி வந்தாள். "கரை எங்கே கொழுந்தனாரே?"

"இறுகிருச்சு மதினி. இறுகினா சின்னதாத்தான ஆகும்? பஞ்சு மூட்டையை அமுக்கிப் பாத்ததில்லையா?"

"அப்ப என் முத்தத்துல மலையாக் குமிஞ்சு கிடக்கே, அது என்ன?"

"அது இறுகாத மண்ணு. கழிச்சுத் தள்ளிட்டோம்."

அதற்குள் சாப்பாட்டு நேரம் வந்தது. நாற்பது பேரும் ஒரே சமயத்தில் குதித்து இறங்கினார்கள். லோடர் மூக்கைக் கீழே குத்தி வாலைத் தூக்கிக்கொண்டது. உருளை பள்ளத்துக்குள் விழுந்து, குப்பிக்கு மூடி போட்டாற்போல இறுக்கமாக உட்கார்ந்துகொண்டது.

சாயங்காலமே மழை பிடித்தது. மூன்றாம் நாள் கண்மாய் நிறைந்து, தண்ணீர் உருளை வரை வந்து நின்றது. ஒரு சொட்டுகூட இந்தப் பக்கம் வரவில்லை. செங்கமலம் உருளையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

நான்காம் நாள் அய்யாவு நாற்பது பேரோடு வந்தார். "வண்டி இப்படி வாலைத் தூக்கிக்கிட்டு நிக்கிறது ஊருக்கு அவமானம். ஏறுங்கப்பா."

பின்பலகைக்கு ஏணி வைத்து ஏறினார்கள். பின்பக்கம் தாழ்ந்தது, உருளை எழும்பியது. தண்ணீர் சீறிக்கொண்டு போய்ச் செங்கமலத்தின் கோழிக்கூண்டைத் தூக்கியது.

"எறங்குங்கடா, பாவிகளா!"

இறங்கினார்கள். தண்ணீர் நின்றது. இறங்கியதால்தான் நின்றதா என்று பார்க்க மறுபடி ஏறினார்கள். அடுப்பு அணைந்தது. இறங்கினார்கள். நின்றது.

அய்யாவு தாடையைத் தடவினார். "ஏறினாத் தண்ணி வருது. எறங்கினா நிக்குது. நம்ம கண்மாய்க்கு மதகு இல்லை, மதகு இல்லைன்னு இத்தனை வருசமா மனு எழுதினோமே. மதகு நாமதான்!"

நாற்பது பேருக்கும் கண் கலங்கியது. வாரத்துக்கு மூன்று நாள், காலையில் ஒரு மணி நேரம் ஏறுவது என்று அங்கேயே தீர்மானம் போட்டார்கள்.

செங்கமலம் கெஞ்சிப் பார்த்தாள், திட்டிப் பார்த்தாள். பிறகு சேலையை வரிந்து கட்டினாள். வீட்டில் கனமாக இருந்த ஆட்டுக்கல், அம்மி, நெல்மூட்டை எல்லாவற்றையும் உருளையின் மேல் ஏற்றிக் கட்டினாள். போதாது என்று தானும் ஏறிப் பாயை விரித்து, குடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

சுருளி கீழே நின்று மரியாதையாகக் கேட்டான். "அக்கா, அந்தப் பக்கம் நாப்பது ஆளு. இந்தப் பக்கம் நீங்க ஒருத்தி. கனம் நிக்குமா?"

அவளுக்கும் அதே பயம்தான். அன்றைக்கே வீடு வீடாகப் போய், அந்த நாற்பது பேரும் ஒரு வேளைக்கு எவ்வளவு சோறு சாப்பிடுகிறார்கள் என்று விசாரித்தாள். எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு கரண்டி அரிசியைக் கூடப் போட்டுப் பொங்கினாள். அண்டாவை உருளைமேல் ஏற்றிவைத்து, அந்த நாற்பது பேர் சோற்றையும் தனியாகச் சாப்பிட உட்கார்ந்தாள்.