காத்தாயி வீட்டுக்கு வந்த காவல்காரன்

காட்டோரத்துக் குளக்கரையில், நொச்சிப் புதருக்குக் கீழே, காத்தாயி என்ற வெள்ளெலியும் அவள் புருஷன் வீரமுத்துவும் வளை தோண்டிக் குடியிருந்தார்கள்.

காத்தாயிக்குத் தன் வீட்டைப் பற்றிக் கொள்ளைப் பெருமை. இருக்காதா பின்னே? வாசல், கூடம், கூடத்துக்குப் பின்னால் ஒரு களஞ்சியம். களஞ்சியம் நிறையச் சோளமும் கடலையும். அடைமழை தொடங்கிவிட்டால் குளம் நிரம்பிக் கரையெல்லாம் சேறாகிவிடும். வெளியே தலைகாட்ட முடியாது. அந்த மழைக்காலம் முழுவதும் அவளும் வீரமுத்துவும் இன்னும் கண் திறக்காத குட்டிகளும் பிழைத்துக் கிடக்க, அந்தச் சோளத்தை விட்டால் வேறு கதியில்லை.

வீரமுத்து நல்லவன்தான். ஆனால் படுத்த இடத்திலேயே கடலையை உடைத்துத் தின்பான். தோலை அங்கேயே போடுவான். கேட்டால், "அப்புறம் கூட்டிக்கலாம்!" என்பான். அந்த அப்புறம் ஒருநாளும் வந்ததில்லை.

ஒருநாள் காலை, களஞ்சியத்துக்குள் ஒரு கரப்பான் நடந்து போனது. ஓடக்கூட இல்லை. வாடகை கொடுத்துக் குடியிருப்பவனைப்போல மீசையை ஆட்டிக்கொண்டு சாவகாசமாகப் போனது.

"என்னங்க! கரப்பான்!" என்று அலறினாள் காத்தாயி.

"ஒண்ணுதானே? போகட்டும் விடு!" என்றான் வீரமுத்து.

அது போகவில்லை. உறவுக்காரர்களை அழைத்துக்கொண்டு வந்தது. அதற்குப் பின்னால் எறும்பு வந்தது. சோளத்தில் வண்டு விழுந்தது. காத்தாயி வாலால் அடித்தாள், காலால் மிதித்தாள். ஒன்று செத்தால் பத்து வந்தது. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

அழுகைச் சத்தம் கேட்டு வாசலில் வந்து நின்றான் பெரியதம்பி என்ற தேரை. தொண்டையைக் கனைத்துக்கொண்டான்.

"என்ன தங்கச்சி, பூச்சித் தொல்லையா? நான் எதுக்கு இருக்கேன்!"

சொல்லி வாயை மூடுவதற்குள் அவன் நாக்கு பாய்ந்தது. சப்! ஒரு கரப்பானைக் காணோம். சப்! இன்னொன்றும் போனது. வீரமுத்து வாயைப் பிளந்துகொண்டு பார்த்தான்.

"அடேயப்பா! மச்சான், நீங்க இங்கேயே இருந்துடுங்க!"

"இருக்கேன் மாப்பிள்ளை. கூலியே வேண்டாம். என் உடம்பு காயக் கூடாது, அதனால ஒரு மூலையில கொஞ்சம் ஈரப்பாசி போட்டு வையுங்க. அப்புறம் இன்னொண்ணு. வீட்டைக் கூட்டாதீங்க!"

"கூட்டாம எப்படி அண்ணே?" என்றாள் காத்தாயி.

"கூட்டிட்டா பூச்சி வெளியே வராது. வெளியே வராட்டி நான் எப்படிப் பிடிப்பேன்? நாலு பருக்கை கிடந்தாத்தானே அது தின்ன வரும்? வந்ததும் சப்புன்னு பிடிச்சிடுவேன்!"

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. வீரமுத்துவுக்கோ இதைவிட நல்ல யோசனை உலகத்திலேயே கிடையாது. அன்றைக்கே குளத்திலிருந்து பாசியை அள்ளி வந்து களஞ்சிய மூலையில் மெத்தைபோலப் பரப்பினான். பிறகு படுத்துக்கொண்டு நிம்மதியாகக் கடலையை உடைத்தான்.

பெரியதம்பி பாசியில் உட்கார்ந்து விழுங்கினான், விழுங்கினான், விழுங்கிக்கொண்டே இருந்தான். அவன் தொந்தி பெருத்தது. பூச்சி மட்டும் குறையவே இல்லை.

"அண்ணே, முன்னைவிட இப்ப ஜாஸ்தியா இருக்கே?" என்று கேட்டாள் காத்தாயி.

"நான் இருக்கும்போதே இவ்வளவுன்னா, நான் இல்லாட்டி எவ்வளவு இருக்கும்? யோசிச்சுப் பாரு தங்கச்சி!"

காத்தாயி யோசித்தாள். பயந்துபோனாள்.

ஒருநாள் சோளம் எடுக்கக் குவியலுக்குள் கையை விட்டாள். உள்ளே சூடாக இருந்தது. பூஞ்சை நாற்றம் குப்பென்று அடித்தது. கையில் வந்ததில் பாதி மாவு, பாதி கட்டி. சோளத்துக்குள்ளே வண்டு இருந்ததா, வண்டுக்குள்ளே சோளம் இருந்ததா என்று சொல்ல முடியவில்லை. திரும்பிப் பார்த்தால், குட்டிகளின் வயிற்றிலெல்லாம் எறும்பு கடித்துச் சிவந்து கிடந்தது.

குட்டிகளை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு அவள் அங்கேயே உட்கார்ந்தாள். பெரியதம்பியையே கண் கொட்டாமல் பார்த்தாள்.

முட்டைப்பை பின்னால் துருத்திக்கொண்டிருக்க, ஒரு பெண் கரப்பான் அவன் மூக்குக்கு நேராக நடந்து போனது. நாக்கு அசையவில்லை.

"அண்ணே! இதோ போகுது, பிடிங்க!"

"வேண்டாம் தங்கச்சி. புள்ளத்தாச்சி. பாவம்!"

பாவம் பார்த்த அதே வாய், அடுத்த நொடி இரண்டு கிழட்டுக் கரப்பான்களை விழுங்கியது.

காத்தாயிக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது. 'நாம் மழைக்குச் சோளம் சேர்த்து வைத்திருக்கிறோம். இவன் கரப்பானைச் சேர்த்து வைத்திருக்கிறான். அதுவும் நம் களஞ்சியத்தில், நாமே போட்ட பாசியில், நம் பருக்கையைப் போட்டு வளர்க்கிறான்! பூச்சி தீர்ந்த அன்றைக்கு இவன் பட்டினி. அப்புறம் எப்படித் தீர்ப்பான்?'

அவள் சண்டைக்குப் போகவில்லை. சண்டை போட்டால் அவன் ஆயிரம் நியாயம் பேசுவான். பெரியதம்பி உச்சி வெயிலில் குளத்துக்குக் குளிக்கப் போகும்வரை காத்திருந்தாள். பிறகு புருஷனை உலுக்கினாள்.

"எழுந்திருங்க! சோளத்தை வெளியே எடுக்கணும்!"

"எல்லாத்தையுமா?"

"ஒரு மணி பாக்கி இல்லாம!"

வீரமுத்து வாசலுக்குப் போய் எட்டிப் பார்த்தான். மேற்கே மேகம் கறுத்துக்கொண்டிருந்தது.

"அடி காத்தாயி, மழை வந்துட்டா என்ன பண்றது? எல்லாம் போச்சே!"

"உள்ளேயே கிடந்தா மட்டும் மிஞ்சுமா? இன்னைக்கு வெயில் இருக்கு. காய வைப்போம். தூக்குங்க!"

இருவரும் கன்னம் புடைக்கச் சோளத்தையும் கடலையையும் அடக்கிக்கொண்டு ஓடினார்கள், வந்தார்கள், மறுபடி ஓடினார்கள். கரைமேல் இருந்த பாறை நெருப்பாகச் சுட்டது. அதில் எல்லாவற்றையும் மெல்லிசாகப் பரப்பினார்கள். சூடு தாங்காமல் வண்டுகள் குடுகுடுவென்று கிளம்பிப் புல்லுக்குள் ஓடின. மாவாகிப் போனதையும் கட்டி பிடித்ததையும் பொறுக்கித் தூரமாகக் கொட்டினாள் காத்தாயி. கொட்டும்போது மனசு வலிக்கத்தான் செய்தது. ஆனாலும் நல்லது இன்னும் நிறையவே இருந்தது.

சோளம் காயும் நேரத்தில் வீட்டுக்குள் புகுந்தாள். பாசியை வாரிக் குளத்திலேயே எறிந்தாள். கடலைத் தோலை மூலை முடுக்கெல்லாம் துழாவிக் கூட்டி அள்ளினாள். எறும்பு எந்த வழியாக வருகிறது என்று வரிசையைப் பிடித்துக்கொண்டே போய்ச் சுவரில் இருந்த வெடிப்பைக் கண்டுபிடித்தாள். களிமண்ணைக் குழைத்து அதை அடைத்தாள். கரப்பான் ஒளிந்த சந்துகளையும் விடவில்லை. அங்கே ஒட்டியிருந்த முட்டைப்பைகளைப் பிய்த்து நசுக்கிவிட்டுத்தான் பூசினாள். தரை உலர்ந்ததும் காய்ந்த நொச்சி இலையையும் வேப்பிலையையும் பரப்பினாள். அதன்மேல், ஆறிய சோளத்தைக் கொண்டுவந்து கொட்டினார்கள். கடைசி மணி உள்ளே வந்தபோது வானம் உறுமியது, ஆனால் பெய்யவில்லை.

அந்திவரை குளத்தில் ஊறிவிட்டுத் திரும்பிய பெரியதம்பி வாசலிலேயே நின்றுவிட்டான்.

"என் பாசி எங்கே? ஐயோ, தரையெல்லாம் காய்ஞ்சு கிடக்கே! தங்கச்சி, பூச்சி வந்தா யாரு பிடிப்பா?"

"வரட்டும் அண்ணே! வந்து எதைத் தின்னும்? எதைக் குடிக்கும்? எங்கே ஒளியும்?"

"ரெண்டே நாள்ல என்னைத் தேடி ஓடி வருவே!"

"வந்தா வர்றேன். இப்ப நீங்க போயிட்டு வாங்க!"

பெரியதம்பி முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு புதரடியில் போய் உட்கார்ந்தான். கூப்பிடுவாள், கூப்பிடுவாள் என்று காத்திருந்தான்.

காத்தாயி கூப்பிடவில்லை. அன்றிலிருந்து வீரமுத்து கடலை தின்ன வேண்டுமென்றால் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். முணுமுணுத்துக்கொண்டே போனான், ஆனால் போனான். தினமும் காலையில் அவள் மூலைகளைப் பார்த்தாள். மிச்சம் மீதி ஒன்றிரண்டு தென்பட்டால் அங்கேயே அடித்தாள். இப்போது ஒன்று செத்தால் ஒன்று குறைந்தது!

ஒருநாள் அந்தியில், மழைக்காற்று வீசத் தொடங்கியபோது, உயிர் பிழைத்த கரப்பான்கள் வரிசையாக வெளியேறின. காத்தாயியும் வீரமுத்துவும் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். முன்னால் போன மீசைக்காரக் கரப்பான் நேரே புதரடிக்குப் போனது.

"அண்ணே! உள்ளே ஒரு பருக்கை இல்ல, ஒரு சொட்டு ஈரம் இல்ல. இலை வாடை வேற மூக்கைத் துளைக்குது. எங்களுக்கு வேற வீடு பாருங்க!"

"உங்களுக்கு இல்லாட்டி எனக்கும் இல்லையே! வாங்க, வாங்க!" என்றான் பெரியதம்பி.

அவன் முன்னால் தத்திப் போனான். கரப்பான்கள் பின்னால் போயின. வீரமுத்துவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"பாரேன் காத்தாயி! மச்சான் ஊர்வலம் போறாரு!"

கரையின் மறு கோடியில் ஒரு பெருச்சாளியின் வளை இருந்தது. வாசலில் மக்கிய தேங்காய்ச் சில்லும் ஈரக் குப்பையும் குவிந்து கிடந்தன. பெரியதம்பி அங்கே நின்று தொண்டையைக் கனைத்துக்கொண்டான்.

"ஐயா! உங்க வீட்டுல பூச்சித் தொல்லை உண்டா?"

"இதுவரைக்கும் இல்லையே!" என்றது பெருச்சாளி.

"இனிமே இருக்கும். நீங்க கவலைப்படாதீங்க, அதான் நான் வந்துட்டேன்ல!"

பூச்சிக்குத் தீனியும் ஈரமும் வைத்துவிட்டு அதை ஒழிக்க ஆள் தேடினால், பூச்சியும் ஒழியாது, வந்த ஆளும் நகர மாட்டான். வீட்டைச் சுத்தமாகவும் உலர்வாகவும் வைத்திருப்பவர்களுக்கு அந்த இரண்டு தொல்லையும் இல்லை.