கூட வாடா

தாராபுரத்துக்குக் கிழக்கே, அமராவதிக் கரையில் செண்பகவல்லி அம்மாவின் மடம் இருந்தது. மடம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஓட்டுக்கூரை போட்ட ஒரு கூடம், ஒரு கிணறு, நாலு தென்னை. அம்மாவுக்கு நாற்பத்தொரு வயது. முன்பு அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர். அவரைவிட மூத்தவர்களும் அவரை அம்மா என்றுதான் கூப்பிட்டார்கள்.

அப்படிக் கூப்பிடுகிறவர்களில் தனபாலனும் ஒருவர். வயது ஐம்பத்துமூன்று. பழுதான மோட்டாருக்குச் செம்புக்கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். ஆறு வருடமாக ஞாயிறு தவறாமல் வந்தவர், இரண்டு மாதம் வரவில்லை. பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வந்தார். சவரம் செய்து பல நாள் ஆகியிருந்தது.

அம்மா கிணற்றடியில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார்.

"ஒரு கேள்வி கேக்கோணுங்கம்மா."

"கேளுங்க."

"சௌந்தரம் செத்துப்போயிட்டான்."

அம்மா பாத்திரத்தைக் கீழே வைத்தார்.

நடந்தது இதுதான். தனபாலனும் சௌந்தரமும் பள்ளிக்கூட நாளிலிருந்து கூட்டாளிகள். சனி, ஞாயிறு இரண்டு நாளும் எங்காவது போய்வரலாம் என்று, இன்னும் இரண்டு நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு வெள்ளிக்கிழமை மாலையே காரில் கிளம்பினார்கள். மாநிலம் தாண்டி, ஆறு கடலில் கலக்கும் இடத்தில் ஒரு சின்ன ஊர். மீன் மார்க்கெட், ஒரு சர்ச், நாலைந்து லாட்ஜ். ஆற்று நடுவே ஒரு கப்பலை நிறுத்திவைத்து அதற்குள் காசினோ நடத்தினார்கள். கரையிலிருந்து படகில் போக வேண்டும். உள்ளே ஜன்னல் கிடையாது, கடிகாரம் கிடையாது. வெளியே பட்டப்பகல் என்பதே மறந்துபோகும்.

தனபாலன் அதுவரை சீட்டைத் தொட்டவரில்லை. அன்று தொட்டதெல்லாம் ஜெயித்தது. மேசையைச் சுற்றி ஆட்கள் கூடிவிட்டார்கள். முன்பின் தெரியாத ஒருவர் தோளில் தட்டினார். நாலு பேர் தன்னை நின்று பார்க்கிற மாதிரி ஒரு நாள் தனக்கு வரும் என்று அவர் நினைத்ததே இல்லை.

மற்ற இருவரும் வேறு மேசைகளில் இருந்தார்கள். அப்போதுதான் சௌந்தரம் வந்து காதோரம் சொன்னார்.

"நெஞ்சு என்னமோ மாதிரி இருக்குதுடா. ரூமுக்குப் போறேன். கூட வாடா."

"நீ முன்னால போ. இந்த ஆட்டம் முடிஞ்சதும் வந்தர்றேன்."

சௌந்தரம் சற்று நேரம் அங்கேயே நின்றார். பிறகு போய்விட்டார்.

தனபாலன் கரையிறங்கியபோது வெயில் சாய்ந்திருந்தது. மூன்று மணி நேரம் போயிருந்தது. லாட்ஜ் அறையின் கதவு தாழிடாமல் கிடந்தது. சௌந்தரம் கட்டிலை எட்டவில்லை. தரையில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்தபடியே உயிர் போயிருந்தது. ஒரு காலில் மட்டும் செருப்பு இருந்தது.

ஊர் திரும்பும் வழியில் நண்பர்கள் மூவரும் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். சௌந்தரத்தின் மனைவி கோமதியிடம் தனபாலன்தான் சொன்னார்: "மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தான்மா. நாங்க எல்லாரும் பக்கத்துலதான் இருந்தோம். தூக்கத்துலயே போயிருச்சு." துக்கத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் கோமதி அதையே சொன்னார். "கூட்டாளிங்க பக்கத்துல இருந்தாங்க. அதுவரைக்கும் புண்ணியம்."

எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத் தனபாலன் கேட்டார்.

"நான் எந்திரிச்சுப் போயிருந்தா அவன் பொழச்சிருப்பானுங்களாம்மா?"

இதை அவர் பலரிடம் கேட்டுவிட்டார். விதி என்றார்கள். ஆயுசு அவ்வளவுதான் என்றார்கள். அந்த ஊர் டாக்டர்கூட, உறுதியாகச் சொல்ல முடியாது என்றார்.

"பொழச்சிருக்கலாம்" என்றார் அம்மா.

தனபாலன் கிணற்று மேடையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். சுடுகாட்டில்கூட வராத அழுகை அப்போது வந்தது.

அம்மா கையைக் கழுவிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். தேற்றவில்லை. ஒன்றும் பேசவில்லை. கூடத்தில் பூஜைக்கு ஆட்கள் வந்து காத்திருந்தார்கள். "அம்மா, நேரமாச்சுங்க" என்று ஒரு குரல் வந்தது. கொஞ்சம் பொறுத்து மறுபடியும் வந்தது. அம்மா எழுந்திருக்கவில்லை. தென்னை நிழல் மேடையை விட்டு விலகி, இருவர் தலையிலும் வெயில் ஏறியது.

அழுகை ஓய்ந்த பிறகு அம்மா கேட்டார்.

"உங்க கூட்டாளி உங்ககிட்ட என்ன கேட்டார்?"

"கூட வாடான்னான்."

"பொழைக்க வைன்னு கேட்டாரா?"

"இல்லீங்க."

"அப்ப அவர் கேட்டது வேற. நீங்க இத்தனை நாளாக் கேட்டுட்டு இருக்கறது வேற."

தனபாலன் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"கோமதிகிட்ட உண்மையைச் சொல்லிரட்டுங்களா? சொன்னாத் தாங்காதுங்கம்மா."

"தாங்காமயும் போகலாம்" என்று சொல்லிவிட்டு அம்மா பூஜைக்குப் போனார்.

வெள்ளிக்கிழமை காலையில் தனபாலன் கோமதி வீட்டுக்குப் போனார். ரேஷன் கார்டில் கணவர் பெயரை எடுப்பதற்கான ஃபாரத்தைக் கோமதி நிரப்பிக்கொண்டிருந்தார். தனபாலன் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். பேனா பாதிப் பெயரில் நின்றுவிட்டது.

"மூணு மணி நேரமா?"

"ஆமாம்மா."

"தனியாவா இருந்தாரு?"

"ஆமாம்மா."

வசவு வரும் என்று தனபாலன் காத்திருந்தார். கோமதி உள்ளே போய்த் தன் செல்போனை எடுத்துவந்து அவர் முன்னால் நீட்டினார். அந்தச் சனிக்கிழமை, மதியம் மூன்று இருபது. சௌந்தரத்தின் அழைப்பு. எடுக்கப்படவில்லை.

"என்னை விட்டுட்டு ஊர்சுத்தப் போயிட்டாருன்னு கோவமுங்கண்ணா. அதான் எடுக்கலை. அவரு தூங்கிட்டு இருந்தாருன்னு நீங்க சொன்னீங்க. அப்பறம் எப்படிக் கூப்பிட்டாரு? தெரியாமக் கை பட்டிருக்கும்னு என்னை நானே நம்பவச்சுட்டு இருந்தேன்."

கோமதி சுவரோரம் சரிந்து உட்கார்ந்தார். தனபாலனும் எதிரே தரையில் உட்கார்ந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மடத்துக்கு வந்த தனபாலன் இதையெல்லாம் சொன்னார்.

"தப்புப் பண்ணிட்டேனுங்கம்மா. என் பாரத்தை அந்தப் புள்ளை தலையிலயும் ஏத்திவிட்டுட்டேன். எனக்கும் ஒண்ணும் லேசாகலை."

அம்மா கேட்டார்.

"அங்கிருந்து எப்பக் கிளம்புனீங்க?"

"சாயந்தரமுங்க. அவங்க பொண்ணு காலேஜ்ல இருந்து வந்த பொறவு."

"அதுவரைக்கும் என்ன பேசுனீங்க?"

"ஒண்ணும் பேசலீங்க. அது அழுதுட்டு இருந்துச்சு. நான் உக்காந்திருந்தேன்."

"நடுவுல எந்திரிச்சு வந்தரலாம்னு தோணுச்சா?"

"இல்லீங்க" என்றார் தனபாலன். "கூட இருக்கோணும்னு மட்டுந்தான் தோணுச்சு."