ஐம்பத்தெட்டு மணி குறைந்த விமானி

கொக்கரப்பட்டியில் மூன்று பேர் சேர்ந்து ஒரு விமானம் வாங்கினார்கள். ஏலத்துக்குப் போனது என்னவோ டிராக்டர் வாங்கத்தான். மூக்கில் உட்கார்ந்த ஈயை விரட்ட நாச்சிமுத்து கையைத் தூக்கினார். இரண்டு பேர் உட்காரும் பழைய விமானம் ஒன்று அவர் பேருக்கு வந்துவிட்டது.

கூட்டாளிகளில் சென்னியப்பன் ஏற்கெனவே விமானம் ஓட்டப் படித்து லைசென்ஸ் வாங்கியிருந்தார். எதற்கென்று ஊரில் யாருக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. அந்தத் தைரியத்தில் மூன்றாமவர் ரங்கண்ணன், அதாவது நாச்சிமுத்துவின் மச்சான், ஊரைக் கூட்டி வாக்குக் கொடுத்துவிட்டார்: "கும்பாபிஷேகத்தன்னைக்கு வானத்துலேர்ந்து கோயிலுக்குப் பூப் போடறோமுங்க."

இருபது நாள்தான் இருந்தது. இன்சூரன்ஸ் இல்லாமல் விமானத்தை எடுக்கக் கூடாது என்று, அது நின்றிருந்த ஊரையொட்டிய விமானத்தளத்தில் கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

நாச்சிமுத்துவும் ரங்கண்ணனும் டவுனுக்குப் போய் இன்சூரன்ஸ் மேனேஜர் பெனடிக்டா மேடத்தைப் பார்த்தார்கள். சென்னியப்பன் வரவில்லை. பஸ்ஸில் ஏறினால் அவருக்குத் தலை சுற்றும்.

மேடம் காகிதங்களைப் புரட்டினார். "புது பைலட்டுங்க. நாற்பத்திரண்டு மணிதான் இருக்கு. நூறு மணியாவது இல்லாம பாலிசி தர மாட்டோம். சேர்ந்ததும் சொல்லுங்க, நானே வந்து பார்க்கறேன்."

ஊர் திரும்பியதும் ரங்கண்ணன் விமானத்தின் இறக்கைக்கு அடியில் குனிந்து தேடினார். "நாற்பத்திரண்டு இருக்குன்னாங்க. எனக்கு ஒண்ணுகூடக் கண்ணுல படலையே?"

"உள்ளே இருக்கும் மச்சான். படிச்சவங்க பொய் சொல்ல மாட்டாங்க" என்றார் நாச்சிமுத்து.

"மணின்னா நேரமா இருக்குமோ?" என்று சென்னியப்பன் மெல்லக் கேட்டார்.

"நேரத்தை எவனாச்சும் சேர்த்து வைக்க முடியுமா? மேடம் வந்து பார்க்கறேன்னாங்க. நேரத்தைக் கண்ணால பார்க்க முடியுமா?" என்றார் ரங்கண்ணன்.

ஓட்டெடுத்தார்கள். இரண்டுக்கு ஒன்று என்று வெண்கலம் ஜெயித்தது.

சந்தையில் ஐம்பத்தெட்டு மாட்டு மணி வாங்கி வந்து இறக்கை, வால், சக்கரம் என்று இடம் விடாமல் கட்டினார்கள். சரிபார்க்க எஞ்சினைப் போட்டதுதான் தாமதம், சுற்றுவட்டார ஆடு மாடெல்லாம் மந்தை போகிறதென்று நினைத்துச் சேர ஓடிவந்து ஓடுபாதையில் நின்றன. தகவல் கேட்டு வந்த மேடம் அவற்றை விலக்கிக்கொண்டுதான் உள்ளே வர வேண்டியிருந்தது.

"இது என்னங்க?"

"ஐம்பத்தெட்டுங்க மேடம். வேணும்னா எண்ணிக்குங்க."

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். "மணின்னா நேரங்க! பைலட் உள்ளே உட்கார்ந்திருக்கணும். சக்கரம் தரையை விட்டுக் கிளம்பினதுலேர்ந்து திரும்பத் தரையைத் தொடற வரைக்கும் உள்ள நேரம்."

"அவ்வளவுதானுங்களா?" என்றார் நாச்சிமுத்து.

கிணற்றில் மோட்டார் இறக்கும் கிரேன் ஒன்றைக் கொண்டுவந்து விமானத்தைச் சங்கிலியில் தொங்கவிட்டார்கள். தரையிலிருந்து ஒரு சாண் உயரம். சென்னியப்பன் பெல்ட் போட்டு உள்ளே உட்கார்ந்தார். இட்லி ஜன்னல் வழியாகப் போனது. அவ்வப்போது ரங்கண்ணன் சக்கரத்துக்கடியில் செய்தித்தாளை விட்டு எடுத்துப் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டார்.

இருபதாவது மணியில் காற்றடித்து விமானம் மெல்லச் சுற்ற ஆரம்பித்தது.

"இறங்கிடட்டுமா?" என்று சென்னியப்பன் ஈனக்குரலில் கேட்டார்.

"இப்ப எங்கே இருக்கே?" என்று கீழே இருந்து கேட்டார் நாச்சிமுத்து.

"தெரியலீங்க."

"அப்ப இறங்காதே. ஊர் தெரியாத இடத்துல இறங்கி என்ன பண்ணுவே?"

முப்பத்தொன்றாவது மணியில் கிரேன்காரர் வந்து கிரேனைக் கேட்டார். "ஆள் பறந்துட்டிருக்கறப்ப கேட்கற கேள்வியா இது?" என்று அதட்டி அனுப்பினார் நாச்சிமுத்து.

ஐம்பத்தெட்டு மணி முடிந்து இறங்கிய சென்னியப்பனுக்குக் கால் நிற்கவில்லை. அவர் எழுதிய பதிவேட்டை, மறுபடி வந்திருந்த மேடம் வாங்கிப் படித்தார். புறப்பட்ட இடம்: கொக்கரப்பட்டி. சேர்ந்த இடம்: கொக்கரப்பட்டி. உயரம்: ஒரு சாண்.

மேடம் பதிவேட்டை மூடி அவரிடமே திருப்பிக் கொடுத்தார். பிறகு சொன்னார்: "தரையில நிக்கறதுக்கு மட்டும் ஒரு பாலிசி தர்றேன். வெள்ளிக்கிழமையிலேர்ந்து. விமானம் ஓர் அடி நகர்ந்தாலும் செல்லாது."

வெள்ளிக்கிழமைதான் கும்பாபிஷேகம். மூவரும் கவலையோடு உட்கார்ந்து யோசித்தார்கள்.

"விமானம் நகரக் கூடாது, சரி. பூ நகரலாமில்ல?" என்றார் ரங்கண்ணன்.

பாலிசியை மூன்று தடவை படித்துப் பார்த்தார்கள். பூவைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை.

வியாழனன்றே டிராக்டரில் கட்டி இழுத்துப்போய் விமானத்தைக் கோயில் முன்னால் நிறுத்தினார்கள். வால் கோபுரத்தைப் பார்த்தபடி இருந்தது. சக்கரத்துக்குக் கல் வைத்து, புளியமரத்தோடு வடம் போட்டுக் கட்டினார்கள். மறுநாள் குருக்கள் கலசத்தில் நீர் ஊற்றிய நிமிடத்தில் வாலுக்குப் பின்னால் பத்து மூட்டை செவ்வந்தியைக் கொட்டி, நாச்சிமுத்து எஞ்சினை முடுக்கினார்.

விமானம் ஓர் அங்குலம் நகரவில்லை. பூவெல்லாம் கிளம்பிக் கோபுரத்தைத் தாண்டி அடுத்த ஊர் பஸ் ஸ்டாண்டில் விழுந்தது. பின்னாலேயே கோயில் முன் போட்டிருந்த சாமியானாப் பந்தலும் கிளம்பியது. கால் இன்னும் சரியாகாததால் சென்னியப்பன் பந்தல் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். விட மனசு வராமல் அவரும் கூடவே போனார். ஜனங்களின் தலைக்கு மேலே போய், வைக்கோல் போரில் அலுங்காமல் இறங்கினார். ரங்கண்ணன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டார்.

திங்கட்கிழமை பெனடிக்டா மேடத்தின் மேசையில் புது விண்ணப்பம் ஒன்று இருந்தது. வாகனம்: சாமியானா, இருபதுக்கு நாற்பது அடி. ஓட்டுபவர்: சென்னியப்பன். பறந்த நேரம்: பதினோரு விநாடி.

மேடம் நிமிர்ந்து பார்த்தார். எதிரே மூவரும் கைகட்டி நின்றார்கள்.

"பந்தல் இப்ப எங்கே?" என்று கேட்டார், வேறு என்ன கேட்பதென்று தெரியாமல்.

"வாசல்லதான் நிறுத்தியிருக்கோமுங்க" என்றார் நாச்சிமுத்து. "கொஞ்சம் சீக்கிரம் கையெழுத்துப் போட்டீங்கன்னா நல்லதுங்க மேடம். அடியில ஒரு டவுன் பஸ் மாட்டிக்கிட்டிருக்குது."