ஆளுக்கு மூன்று மணி நேரம்

"நான் யார் பக்கமும் சாயலைங்கம்மா. முப்பத்திரண்டு வருசமா சாயல. அப்புறம் எதுக்கு மனசு இப்படிக் கிடந்து அடிச்சுக்குது?"

குன்றேறி வந்தவர் கேள்வியைக் கேட்டுவிட்டுத்தான் மூச்சே விட்டார்.

பெயர் மாயழகு. வயது அறுபத்து நான்கு. தன் ஊர்க் கண்மாயின் நீர்க்கட்டி. மடையைத் திறப்பது, அடைப்பது, எந்த வயலுக்கு எத்தனை மணி நேரம் என்று முறை வைத்துத் தண்ணீர் விடுவது, எல்லாம் அவர் வேலை. சொந்தமாக ஒரு சென்ட் நிலம் கிடையாது. நிலம் இருந்தால் அந்த வேலையே கிடைக்காது. வயல் வைத்திருப்பவன் கையில் மடை இருந்தால் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று ஊருக்குத் தெரியும்.

அந்தக் கேள்வியைக் காதில் வாங்கியபடி உட்கார்ந்திருந்த தேனம்மை அவரைவிட இருபது வயது இளையவர். முன்பு ஒரு பெண்கள் விடுதியில் காப்பாளராக இருந்தார். அதை விட்டுவிட்டு வந்து, இந்தக் குன்றின் மேல் ஓட்டுக் கொட்டகை போட்டு, கேள்வியோடு வருகிறவர்களுக்குக் கஞ்சி ஊற்றுகிறார். பதில் கிடைக்காமல் போனவர்கள்கூடக் கஞ்சியைக் குறை சொன்னதில்லை.

"உட்காருங்க பெரியவரே. என்ன நடந்துச்சு?"

மாயழகு சொன்னார்.

கண்மாயில் தண்ணீர் குறைந்துபோன வருடம். நெல் பால் பிடிக்கிற நேரம். இன்னும் இரண்டு தண்ணீர் கிடைத்தால் பயிர் தப்பிக்கும். போன செவ்வாய்க்கிழமை வாய்க்காலின் கடைசியில், கடைமடையில் ஒன்றரை ஏக்கர் வைத்திருக்கும் சோணைமுத்துவின் முறை. மடை திறந்து வெகு நேரமாகியும் அவர் வயலுக்குத் தண்ணீர் வரவில்லை. என்னவென்று பார்க்க மாயழகு வாய்க்காலோடு நடந்தார். மேலமடையில், வாய்க்காலின் தலைப்பில், வயல் வைத்திருக்கும் தனுஷ்கோடியின் மோட்டார் குழாய் வாய்க்காலுக்குள் கிடந்தது. பட்டப்பகல். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

"பார்த்துட்டு என்ன செஞ்சீக?"

"திரும்பி வந்துட்டேன்."

சோணைமுத்து ஊரில் புகார் சொன்னார். அதற்குள் குழாயைச் சுருட்டி உள்ளே போட்டாயிற்று. அப்படி ஒரு குழாய் தன்னிடம் இல்லவே இல்லை என்றார் தனுஷ்கோடி. கூட்டம் போட்டுப் பேசித் தீர்க்கலாம் என்று ஊர் முடிவு செய்தது. புகார் பொய் என்று கூட்டம் சொல்லிவிட்டால், சோணைமுத்துவுக்கு இந்த வருடம் மிச்சமிருக்கும் முறை கிடையாது. ஒன்றரை ஏக்கரும் பதர்தான்.

குழாயைப் பார்த்தது மாயழகு ஒருவர் மட்டும்.

"பார்த்தீக. உள்ளதைச் சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே?"

"நீர்க்கட்டி வாயைத் திறக்கக் கூடாதும்மா. எங்க அப்பாவும் திறந்ததில்ல. மடைக்கு வாய் உண்டு, எனக்குக் கிடையாது."

"யார் சொன்னது?"

"ஊரு சொன்னது. அதுல நல்லதும் இருக்கு." மாயழகு முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "எட்டு வருசத்துக்கு முந்தி இதே மாதிரி ஒரு வறட்சி. ரெண்டு தெருவும் அரிவாளோட கரையில நின்னுச்சு. போலீஸ் வந்து சேரல. நான் நடுவுல போய் நின்னேன். ஒருத்தரும் என்னைத் தொடல. ஏன்? நான் யாரு ஆளும் இல்ல. அன்னைக்கு நான் ஒருத்தருக்காகப் பேசுனவனா இருந்தா, ரெண்டு மூணு உசுரு போயிருக்கும்."

தேனம்மை தலையாட்டினார். "பெரிய காரியம்தான்."

"இப்ப நான் தனுஷ்கோடிக்கு எதிராப் பேசினா, மறுநாளே என்னைத் தூக்கிட்டு அவரு மச்சினனை மடையில நிறுத்துவாரு. அப்புறம் சோணைமுத்துவுக்கு மட்டும் இல்ல, கடைமடையில இருக்கிற இருபது குடும்பத்துக்கும் தண்ணி கிடையாது. ஒருத்தருக்காக இருபது பேரைக் கெடுக்கவா?"

தேனம்மைக்கு அந்த வாதம் பிடித்துவிட்டது. நல்ல வாதம் கிடைத்தால் முகம் மலர்ந்துவிடுவது அவரிடம் இருந்த ஒரு பலவீனம்.

"சரி, நீங்க நடுவுலதான் நிக்கிறீகன்னே வச்சுக்குவோம். மேலமடைக்கு எத்தனை மணி நேரம்?"

"மூணு."

"கடைமடைக்கு?"

"அதே மூணு. ஆளுக்கு மூணு. ஒரு நிமிசம் கூடாது, குறையாது."

"எப்பலேருந்து கணக்கு?"

"மடையைத் தூக்குனதுலேருந்து."

"மேலமடைக்குத் தண்ணி போய்ச் சேர எவ்வளவு நேரம்?"

"பீடி பத்த வைக்கிற நேரம்."

"கடைமடைக்கு?"

மாயழகு கைக்கடிகாரத்தைத் தடவிக்கொண்டார்.

"வாய்க்கால் காஞ்சு கிடந்தா... அது குடிச்சது போக, தண்ணி போய்ச் சேர ஒண்ணரை மணி நேரம் ஆயிரும்."

"அப்ப அவருக்குக் கிடைக்கிறது?"

"மிச்சம்தான்."

"முப்பத்திரண்டு வருசமாவா?"

"எங்க அப்பா காலத்துலேருந்தே."

கீழே ரோட்டில் ஏதோ ஒரு லாரி போனது.

"இது எனக்குத் தெரியாம இல்லம்மா" என்றார் மாயழகு. "ஊருக்கே தெரியும். சோணைமுத்துவுக்கும் தெரியும். யாரும் பேசுறதில்ல. அதனால அது தப்பு மாதிரியே தெரியல. கடிகாரம் சரியா இருந்துச்சு, நானும் சரியா இருந்தேன்னு நெனச்சுக்கிட்டேன்." பிறகு சொன்னார்: "குழாயைப் பார்த்துட்டுத் திரும்பி வந்தது இன்னும் பெரிய தப்பு. பேசத்தான் வேணும்."

தேனம்மைக்கு வெற்றி வந்த மாதிரி இருக்க வேண்டும். ஆனால் அவர் முகம் சுருங்கியது.

"அவசரப்படாதீக. பேசுறதும் சும்மா இல்ல."

"நீங்கதான பேசச் சொன்னீக?"

"நான் ஒரு தடவை பேசினேன்."

விடுதியில் இருந்தபோது நடந்ததைச் சொன்னார். சமையலறைப் பொறுப்பில் இருந்தவன் ஒரு பெண்ணிடம் தவறாக நடந்துகொண்டான். அவள் அழுதுகொண்டே வந்து தேனம்மையிடம் மட்டும் சொன்னாள். தேனம்மை பொறுக்காமல் நிர்வாகத்தின் முன் போய் நின்று, பெயரோடு எல்லாவற்றையும் போட்டுடைத்தார். அவனை வேறு விடுதிக்கு மாற்றினார்கள். விஷயம் தெரிந்து அந்தப் பெண்ணின் அப்பா வந்து அவளைக் கூட்டிப்போனார். படிப்பு நின்றது. அடுத்த தையிலேயே கல்யாணம்.

"பேரு கோமளவல்லி. கணக்குல புலி" என்றார் தேனம்மை. "எல்லாரும் என்னைத் தைரியசாலின்னு சொன்னாக. எனக்கு அந்த வார்த்தையைக் கேட்டாலே இன்னைக்கும் அவ முகம்தான் வருது."

"அப்ப பேசியிருக்கக் கூடாதா?"

"பேசாம இருந்திருந்தா அவன் அங்கேயே இருந்திருப்பான். இன்னும் எத்தனை பிள்ளைகளோ."

"அப்ப பேசினது சரியா?"

"தெரியல பெரியவரே. பத்து வருசமா உட்கார்ந்து யோசிக்கிறேன்."

வேடிக்கையைப் பாருங்கள். பேசக் கூடாது என்று ஏறி வந்தவர் பேச வேண்டும் என்றார். பேசலாமே என்றவர் யோசியுங்கள் என்றார். அப்படியே மாறி மாறி வெகு நேரம் போனது. பேசினால் வருவதையும் பேசாவிட்டால் வருவதையும் இருவரும் மெனக்கெட்டு எடை போட்டார்கள். இரண்டும் அசையாமல் சமமாக நின்றன. நடுவில் கஞ்சியும் துவையலும் வந்தன. மாயழகு வேண்டாம் என்றார். தேனம்மை விடவில்லை, இரண்டாவது முறையும் ஊற்றினார். இத்தனை நேர்மையான ஒரு மனிதர் இந்தக் கொட்டகைக்கு வந்து நாளாயிற்று என்று அவருக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகக்கூட இருந்தது.

கை கழுவித் துடைத்துக்கொண்டிருந்தபோது அவருக்குக் கோமளவல்லியின் நினைப்பு மறுபடி வந்தது.

"நான் செஞ்ச தப்பு பேசினது இல்ல" என்றார் மெதுவாக. "பேசுறதுக்கு முன்னாடி அவகிட்ட கேட்கல. உனக்கு என்ன வேணும், நான் என்ன செய்யட்டும்னு ஒரு வார்த்தை கேட்கல. என் பாட்டுக்கு எனக்கு எது நியாயம்னு பட்டுச்சோ அதைச் செஞ்சேன்."

தேனம்மை மாயழகு பக்கம் திரும்பினார்.

"சோணைமுத்து உங்ககிட்ட என்ன கேட்டாரு?"

மாயழகு வேட்டி மடிப்பை நீவிவிட்டார்.

"ஒண்ணும் கேட்கலையா?"

"கேட்டாரு. நேத்து சாயந்தரம் வீட்டுக்கு வந்தாரு."

"என்னன்னு?"

"'மாயழகண்ணே, நீ வாயைத் திறக்க வேணாம். உனக்கு இருக்கிற கஷ்டம் எனக்குத் தெரியும். கூட்டத்துல என் பாயில வந்து உட்காரு, அது போதும்'னாரு."

"பாயிலயா?"

"கூட்டத்துல அவுகவுக ஆளுகளோட பாய் போட்டு உட்காருவாக. நீர்க்கட்டி யாரு பாயிலயும் உட்காரக் கூடாது. வேப்பமரத்துக்கிட்ட தனியா இடம். நான் போய் ஒருத்தர் பாயில உட்கார்ந்தா ஊருக்கு எல்லாம் புரிஞ்சு போகும். ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதில்ல."

"அந்த வேப்பமரத்தடி இடம், நடுநிலைக்காக ஒதுக்கினதா? இல்ல உங்க சாதி ஆளுகன்னு ஒதுக்கினதா?"

வந்ததிலிருந்து முதல் முறையாக மாயழகு சிரித்தார்.

"ரெண்டுக்கும்தாம்மா. ஒரே மரம்தான இருக்கு."

தேனம்மையால் சிரிக்க முடியவில்லை. அந்த மரத்தடியில் முப்பத்திரண்டு வருடம் தனியாக உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தார். அதை மரியாதை என்று அவரே நம்பிக்கொண்டிருந்ததை நினைக்கத் தேனம்மைக்குத் தாங்கவில்லை.

"அப்ப அவரு கேட்டது ரொம்பச் சின்ன விஷயம்" என்றார்.

"ஆமாம்மா."

"பேச வேணாம். சாட்சி சொல்ல வேணாம். வந்து உட்காரணும்."

"ஆமாம்மா."

"நீங்க என்ன சொன்னீக?"

"யோசிச்சுச் சொல்றேன்னேன்."

"நல்லா யோசிங்க. கூட்டம் என்னைக்கு?"

மாயழகு துண்டை எடுத்து உதறினார். மடித்தார். மறுபடி விரித்தார்.

"பெரியவரே, கூட்டம் என்னைக்கு?"

"இன்னைக்கு."

"எத்தனை மணிக்கு?"

"பத்து மணிக்கு."

தேனம்மை கொட்டகைக்கு வெளியே பார்த்தார். வெயில் உச்சி தாண்டி மேற்கே இறங்க ஆரம்பித்திருந்தது. கழுவிக் கவிழ்த்த கஞ்சிச் சட்டி காய்ந்துபோயிருந்தது.

"நான் இதை முதல்ல கேட்டிருக்கணும்" என்றார். "வந்ததும் வராததுமா இதைத்தான் கேட்டிருக்கணும். வாதம் நல்லா இருக்குன்னு உட்கார்ந்து ரசிச்சுக்கிட்டு இருந்திருக்கேன். உங்களுக்குச் சோறு வேற போட்டு உட்கார வச்சேன்."

மாயழகு விரித்த துண்டை மறுபடி மடித்தார்.

"மறந்துட்டீகளா?"

"இல்லம்மா."

"நேரம் தெரியாமப் போச்சா?"

"கடிகாரம் கையிலதான் இருக்கு."

"பின்ன?"

"கூட்டத்துக்குப் போகணும்னுதான் வேட்டி மாத்திக்கிட்டுக் கிளம்பினேன். கூட்டம் நடக்கிற மந்தைக்கே போயிட்டேன். பாய் விரிச்சுட்டாக. சோணைமுத்து பாயில அவரும் அவரு சம்சாரமும் மட்டும்தான். என்னைப் பார்த்ததும் அந்த அம்மா எந்திரிச்சு ஓரமாப் போச்சு. அவரு நகர்ந்து, பக்கத்துல இடம் விட்டு, கையால பாயைத் தட்டிவிட்டாரு."

மாயழகு தன் பக்கத்துத் தரையைக் கையால் தட்டிக் காட்டினார்.

"அப்பதாம்மா இந்தப் பக்கம் வர்ற பஸ் வந்து நின்னுச்சு. ஏறிட்டேன்."