மூச்சு நின்ற சாமி

மாசிலாமணிக்கு மூச்சு நின்றது. மடத்துக் கூடத்தில் இருந்தவர்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

பட்டப்பகல். சம்மணம் போட்டுக் கண்ணை மூடி, அந்தப் பெரிய வயிறு அசையாமல் உட்கார்ந்திருந்தார். ஒருவருக்கும் பயமில்லை. சீடருக்குச் சமாதி கூடிவிட்டதாம். கடைசியில் தொண்டை பன்றிமாதிரி உறுமியது. வாயைப் பிளந்து காற்றை இழுத்தார்.

"கலைஞ்சிருச்சே," என்று வருத்தப்பட்ட ஒரு அம்மாள், அவர் முன்னால் அதிரசத் தட்டை நகர்த்தினாள்.

வாசலில் நின்று குரு பார்த்துக்கொண்டிருந்தார். மாசிலாமணியைவிட வயதில் சின்னவர், ஒல்லி. உள்ளறைக்குக் கூப்பிட்டார். மாசிலாமணி எழுந்திருக்கவே இரண்டு பேர் கைகொடுக்க வேண்டியிருந்தது.

கதவைச் சாத்தியதும் மாசிலாமணி அவசரமாகக் கேட்டார். "சாமி, எனக்கு வந்தது சமாதிதானே?"

"காலையில தலை வலிக்குதா?"

"வலிக்குது."

"உட்கார்ந்த இடத்துல கண்ணு சொக்குதா?"

"சொக்குது. தியானம் சீக்கிரம் கூடுதுன்னு நினைச்சேன்."

"கால்?"

மாசிலாமணி வேட்டியை இழுத்து வீக்கத்தை மூடிக்கொண்டார்.

"முன்னெல்லாம் கிணத்துல தண்ணி சேந்துனது யாரு?"

"நான்தான். இப்ப விடமாட்டேங்கறாங்க. சாமியார் குடத்தைத் தொடக்கூடாதாம். உட்காருங்க, சாப்பிடுங்கன்னு..."

"சாப்பிடுறீங்க."

"வேண்டாம்னா அவங்க மனசு நோகும் சாமி."

குரு தரையில் உட்கார்ந்தார். கண்ணை மூடி மூச்சை அடக்கினார். முகம் கறுத்தது. கழுத்து நரம்பு புடைத்தது. விரல்கள் தரையைப் பிறாண்டின. மாசிலாமணி பதறி அவர் தோளைப் பிடித்து உலுக்க, குரு வாயைப் பிளந்து காற்றை இழுத்தார்.

"மூச்சு நிக்கறப்ப உங்க முகம் இப்படித்தான் இருக்கு. உடம்பு பெருத்துப்போய், தூங்கினா கழுத்துச் சதை தொண்டையை அடைக்குது."

"அப்ப அவங்க கும்பிடறது?"

"ஒருநாள் அந்த உறுமல் வராது. அன்னைக்கும் கும்பிட்டுக்கிட்டுத்தான் இருப்பாங்க."



"நான் என்ன செய்யணும்?"

"வெளியே போய், 'தூங்கிட்டேன்'னு சொல்லுங்க. அப்புறம் பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

கூடத்தில் இன்னும் கூட்டம் சேர்ந்திருந்தது. அதிரசம் கொண்டுவந்த அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டு கேட்டாள். "எங்க போயிட்டு வந்தீங்க சாமி?"

எல்லாக் கண்ணும் அவர்மேல். ரோட்டில் பஸ் ஹாரன் அடித்தது. மாசிலாமணி வாயைத் திறந்தார்.

"ரொம்ப தூரம்மா," என்றார்.